குழி நிறையவில்லை, 18,000 ரூபாதான் போனது

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்து நின்ற நேரம். வீட்டில் பதினொரு பேர். அப்போது பார்த்து உள் ரொயிலெட் அடைத்துக்கொண்டது. ஒரு வாளி ஊற்றினால் விளிம்பு வரை ஏறி, அரை மணித்தியாலம் கழித்துத்தான் இறங்கும்.

கொக்குவில் பக்கம் லைற் போஸ்ற்றில் ஒட்டியிருந்த நம்பருக்கு எடுத்தேன். இரண்டு பேர் வந்தார்கள். கம்பி விடவில்லை, மலக்குழி மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை. நேரே ஒரு போத்தல் அசிட்டைக் கவிழ்த்தார்கள். காலையில்தான் அம்மா குளோரொக்ஸ் பிளீச் ஊற்றியிருந்தா. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரிந்து, இருமி இருமி எல்லாரும் முற்றத்துக்கு ஓடினோம். "முதல் என்ன ஊத்தினீங்கள்?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

தண்ணி அப்படியே நின்றது. "அக்கா, குழி நிறைஞ்சிட்டுது. பவுசர் எடுத்தால்தான் சரிவரும்." குழியை உறிஞ்சி எடுக்கிற அந்தப் பவுசர் வண்டியும் அவர்களுடையதுதான். 18,000 ரூபா. பில் இல்லை.

இங்கேதான் நான் ஏமாந்தேன். எங்கள் வெளிக் கக்கூஸும் அதே குழிக்குத்தான் போகிறது. அன்றும் அதில் மடமடவென்று இறங்கிக்கொண்டுதான் இருந்தது. குழி நிறைந்திருந்தால் அதுவும் நின்றிருக்க வேண்டுமே! பதினொரு பேரும் அதற்குத்தான் வரிசையில் நின்றோம். ஒருத்தருக்கும் இது பிடிபடவில்லை.

உறிஞ்சிக்கொண்டு போனார்கள். எங்கே கொட்டுவீர்கள் என்றதற்கு, "அதை நாங்கள் பாப்பம் அக்கா." காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், குடிப்பது கிணற்றுத் தண்ணி. கண்ட இடத்தில் கொட்டினால் அது யாருடைய கிணற்றுக்கு வடியும்? உள்ளூராட்சி சபைப் பவுசர் என்றால் காசு கட்டிய பற்றுச்சீட்டாவது கையில் இருக்கும்.

மறுநாள் காலை அதே கதை. போன் எடுத்தால் முதல் "வாறம்", பிறகு பதிலே இல்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமா ஒரு மேசனைக் கூட்டி வந்தார். அவர் முதலில் கேட்டதே, "மற்றக் கக்கூஸ் போகுதோ?" பிறகு நின்ற தண்ணியைக் கவனமாக அள்ளிவிட்டு, நுனி வளைத்த கம்பியைக் கொமட்டுக்குள் விட்டார். நாற்றம் மேலே வராமல் தண்ணி நிற்கிற வளைவு இருக்கிறதே, அதற்குள் குழந்தை துடைக்கிற ஈரத் துடைப்பான் பந்தாகச் சுருண்டு கிடந்தது. பத்து நிமிடம், 2,000 ரூபா. அசிட் அதை ஒன்றும் செய்திருக்கவில்லை. தங்கச்சி பைக்கற்றைத் தூக்கிக்கொண்டு வந்தா: "ஃபிளஷ் பண்ணலாம் எண்டு போட்டிருக்கு, அக்கா!"

உங்கள் வீட்டில் அடைத்தால் முதலில் மற்றதில் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். வருகிறவர் அசிட் போத்தலைத் திறந்தால் தடுத்துவிடுங்கள். நாலைந்து வாளி உங்கள் கண்முன்னே இறங்கிய பிறகுதான் காசு.

அந்த ஸ்ரிக்கர் இன்னும் போஸ்ற்றில் இருக்கிறது. ஒரு மூலை மட்டும் கிழிந்திருக்கும். கிழித்தது நான்தான், மிச்சம் உரிந்து வரவில்லை.