கரண்ட் இல்லாத சைட்டில் வெல்டிங்: டீசல் வெல்டிங் செட்டா, ஜெனரேட்டரும் இன்வெர்ட்டருமா?

இ.பி. லைன் இன்னும் வராத இடத்தில் வெல்டிங் வேலை எடுத்தால் இரண்டு வழிகள் உண்டு. இன்ஜினும் வெல்டிங் மெஷினும் ஒன்றாகவே இருக்கும் டீசல் வெல்டிங் செட்டை இழுத்து வரலாம். இல்லையென்றால் சாதாரண ஜெனரேட்டரை வைத்து அதில் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை மாட்டலாம். இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். என்ன ராடு (உருகி ஜாயின்ட்டில் சேரும் வெல்டிங் குச்சி), ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) எரியப்போகிறது என்று தெரியாமல் இதில் முடிவெடுக்கக் கூடாது.

டீசல் செட்டில் இன்ஜின் ஷாஃப்டிலேயே ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும். பழைய மாடல்களில் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாக நேராக டி.சி. வரும். புதியவற்றில் ஆல்டர்னேட்டர் ஏ.சி. கொடுக்க, டயோடுகள் அதை டி.சி. ஆக்கும். எதுவானாலும் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: சும்மா நிற்கும்போது 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும், ஆர்க் பிடித்ததும் 25 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பழைய செட்டில் இதற்கு அருமையான ஏற்பாடு இருந்தது. வெல்டிங் கரண்ட் போகிற வழியிலேயே ஒரு சீரிஸ் காயில் சுற்றி, அது முக்கிய காயிலின் காந்தத்தை எதிர்க்கும்படி வைத்திருப்பார்கள். கரண்ட் ஏற ஏறக் காந்தம் தளரும், வோல்ட் இறங்கும். கை லேசாக ஆடி ஆர்க் நீண்டு குறுகினாலும் கரண்ட் பெரிதாக மாறாது. ஒரு எலக்ட்ரானிக் போர்டுகூட இல்லாமல் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

பக்கத்தில் நின்றால் இது காதுக்கே தெரியும். ராடை உரசியதும் இன்ஜின் சத்தம் ஒரு கணம் அமுங்கும். புகைக்குழாயில் குப்பென்று கரும்புகை வரும். அதற்குள் இன்ஜின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் கவர்னர் டீசலைக் கூட்டிவிடும், சத்தம் பழையபடி நிமிர்ந்துவிடும்.

இன்வெர்ட்டர் மெஷின் வேறு ஜாதி. உள்ளே வரும் 230 வோல்ட்டை முதலில் டி.சி. ஆக்கி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்குகிறது. அதனால்தான் 200 ஆம்பியர் மெஷின்கூட ஒரு கையில் தூக்கும் எடையில் இருக்கிறது. டீசல் செட்டோ 300 கிலோவைத் தாண்டும். டிராக்டரோ டிரெய்லரோ இல்லாமல் நகராது. ஆர்க் தரத்தில் நல்ல இன்வெர்ட்டர் எதற்கும் சளைத்ததல்ல.

சிக்கல் ஜெனரேட்டரில்தான். உடுமலை பக்கம் ஒரு தென்னந்தோப்பில் டேங்க் ஸ்டாண்ட் வேலை. 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, 200 ஆம்பியர் இன்வெர்ட்டரை மாட்டினேன். 2.5 மி.மீ. ராடு ஓடியது. 3.15 போட்டதும் இன்ஜின் திணறியது, ராடு ஒட்டியது. மதியத்துக்குள் மெஷின் செத்தது. திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் தலை உப்பி வெடித்திருந்தது.

கணக்கைப் பிறகுதான் போட்டேன். 3.15 ராடுக்கு 120 ஆம்பியர், 25 வோல்ட் என்றால் ஆர்க்கில் மட்டும் 3 கிலோவாட். மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்ட் முழுவதும் வேலையாக மாறாத குறை) சேர்த்தால் ஜெனரேட்டரிடம் கேட்பது 5 கே.வி.ஏ.வுக்கு மேலே போகிறது. 4 மி.மீ. ராடென்றால் 8 கே.வி.ஏ. ஆகிவிடும். அப்புறம், ஆர்க்கை வெட்டுகிற கணத்தில் லோடு சட்டென்று விடுபடுவதால் வோல்ட் எகிறும். 230 இருக்கும்போது உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். 270க்கு ஏறினால் அது 380ஐத் தாண்டும். நாள் முழுக்க இந்த அடி விழுந்தால் எந்தக் கெப்பாசிட்டர் தாங்கும்? வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். நன்றாக இருக்கிற, தேவையைவிடப் பெரிய ஜெனரேட்டர் இல்லாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள். இன்னொன்று, 15 கே.வி.ஏ. என்று சொல்லித் தருவது த்ரீ ஃபேஸாக இருந்தால் ஒரு ஃபேஸில் கிடைப்பது 5 கே.வி.ஏ. மட்டுமே. பலர் ஏமாறுவது இங்கேதான்.

கேபிளில் மட்டும் இன்வெர்ட்டருக்குத் தெளிவான வெற்றி. டீசல் செட்டை ரோட்டோரம் நிறுத்தி 35 ஸ்கொயர் மி.மீ. காப்பர் கேபிளை 30 மீட்டர் இழுத்தால், போக வர 120 ஆம்பியரில் 4 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். 25க்கு 4 என்பது பெரிய இழப்பு. இன்வெர்ட்டரை வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம். நீள்வது 230 வோல்ட் வயர் மட்டும்தான்.

டீசல் செலவு பற்றி நிறையப் பேசுவார்கள். ஆர்க் இல்லாத நேரத்தில் தானாக வேகம் குறைக்கும் வசதி இருந்தால் டீசல் செட் மோசமில்லை, அவ்வளவுதான்.

கேட், கிரில், சின்ன ஷெட் என்றால் நான் இன்வெர்ட்டரும் பெரிய ஜெனரேட்டரும்தான் எடுப்பேன். 7018 வகை ராடில் நாள் முழுக்கத் தடித்த பிளேட், அல்லது செல்லுலோஸ் பூச்சு ராடில் பைப்லைன் ஜாயின்ட் என்றால் யோசிக்காமல் டீசல் செட். ரூட் (ஜாயின்ட்டின் அடியில் போடும் முதல் வரி) ஓடும்போது பாதியில் ஆர்க் அறுந்தால் அந்த ஜாயின்ட்டைக் கிரைண்டரால் தோண்டித்தான் திரும்பப் போட வேண்டும்.

எதை வாடகைக்கு எடுத்தாலும், வண்டியில் ஏற்றும் முன் அங்கேயே ஒரு 4 மி.மீ. ராடை முழுதாக எரித்துப் பாருங்கள். அதே ஜெனரேட்டரில்தான் கிரைண்டரும் ஓடப்போகிறது என்றால் அதையும் போட்டுவிட்டு எரியுங்கள்.