லாம்பர்ட், அகின்ஃபென்வா: யாருடைய பாதை?

கீழ்நிலை லீக் கால்பந்து வீரரின் அசல் வாழ்க்கையைக் காட்டுவது யாருடைய பாதை? இருவரும் 1982இல் பிறந்த ஸ்ட்ரைக்கர்கள், அதாவது கோல் அடிப்பதே வேலையான முன்கள வீரர்கள். இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் வளர்ந்தவர்கள்.

ரிக்கி லாம்பர்ட்டை 15 வயதிலேயே லிவர்பூல் கழற்றிவிட்டது. கொஞ்ச காலம் தொழிற்சாலையில் பீட்ரூட் பாட்டில்களுக்கு மூடி திருகினார். மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று சுற்றி, 2009இல் சவுத்தாம்ப்டன் வந்தார். மூன்றாம் நிலை லீக்கில் இருந்த அந்த அணி 2012இல் முதல் நிலையான பிரீமியர் லீக்கைத் தொட்டது. 2013 ஆகஸ்ட், லண்டனின் வெம்ப்ளி மைதானம், எதிரணி ஸ்காட்லாந்து. 31 வயதில் இங்கிலாந்துக்காக மாற்று வீரராக இறங்கியவர், முதல் தொடுதலிலேயே தலையால் முட்டி கோல் போட்டார். அடுத்த ஆண்டு அதே லிவர்பூல் அவரைக் காசு கொடுத்து வாங்கியது.

அடெபாயோ அகின்ஃபென்வா பிரீமியர் லீக்கில் ஆடியதே இல்லை. தொடக்கம் லிதுவேனியாவில். நூறு கிலோ உடம்பைப் பார்த்து, இவர் எப்படி ஓடுவார் என்று கேட்டவர்கள் ஏராளம். ஓடத் தேவையில்லை, முதுகைக் காட்டி நின்றால் தடுப்பாட்டக்காரரால் பந்தை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. 2016இல், மேல் லீக்குக்கு ஏறுவது யார் என்று முடிவு செய்யும் பிளேஆஃப் இறுதியில், ஏஎஃப்சி விம்பிள்டன் கிளப்புக்காக பெனால்டியில் கோல் அடித்தார். கையோடு, எனக்கு இப்போது வேலையில்லை, மேனேஜர்கள் வாட்ஸ்அப் பண்ணுங்கள் என்று டிவியில் சிரித்தார். அப்புறம் விக்கம் கிளப். 2020இல் அந்தச் சின்ன கிளப்போடு இரண்டாம் நிலை லீக்குக்கு ஏறினார், 2022இல் 40 வயதில் ஓய்வு பெற்றார்.

கோல் திறமை என்றால் லாம்பர்ட்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கீழ்நிலை லீக் ஸ்ட்ரைக்கரின் அசல் வாழ்க்கை வேண்டுமென்றால், ஒப்பந்தம் முடிகிறதே என்று கோடைதோறும் கணக்குப் போட்ட அகின்ஃபென்வாவையே நான் சொல்வேன்.