லாக் வச்ச பழைய டிடிபி சாப்ட்வேர விண்டோஸ் 11ல ஓட்டுத கதை

பாளையங்கோட்டைல டிடிபி சென்டர் வச்சிருக்கேன். நமக்கு முக்கால்வாசி வேலை கோயில் கொடை (திருவிழா) நோட்டீசுதான், வருசா வருசம் அதே ஊர்க்காரங்க வந்து "அண்ணாச்சி, போன வருச நோட்டீச அப்படியே போடுங்க, தேதியும் வரி குடுத்தவங்க பேரும் மட்டும் மாத்துங்க"ம்பாங்க, அந்த பைல் பூரா பழைய தமிழ் சாப்ட்வேர்ல கெடக்கு, அது லாக் சொருவுனாத்தான் தொறக்கும். லாக்குன்னா சாப்ட்வேர காசு குடுத்து வாங்குனதுக்கு அடையாளமா கம்பெனி குடுக்கிற சின்ன கட்டை, டாங்கிள்ம்பாங்க.

லாக் ரெண்டு இருக்கு. பழசு பிரிண்டர் போர்ட்ல மாட்டுற 25 பின் கட்டை, அதுக்குப் பின்னாலயே பிரிண்டர் வயரையும் மாட்டிக்கிடலாம். இப்ப வர்ற மதர்போர்டுல அந்த போர்ட்டே கெடையாதுல்லா. யூஎஸ்பிய பழைய பிரிண்டர் போர்ட்டா மாத்துற யூஎஸ்பி டூ பேரலல் வயர மட்டும் வாங்கிராதீங்க, அது பிரிண்டருக்குத்தான் ஆவும், சாப்ட்வேர் 378ங்கிற அட்ரஸ்ல நேரா போயி லாக்கத் தேடும், இந்த வயர்ல அந்த அட்ரஸே இருக்காது. கம்ப்யூட்டருக்குள்ள பிரிண்டர் போர்ட் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டா அட்ரஸ் வேற எங்கயாவது வந்து நிக்கும், சில சாப்ட்வேர் ஒத்துக்கிடும், என்னுது ஒத்துக்கிடல. அதுக்காவ ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி நெட் குடுக்காம மூலைல ஓடுது.

யூஎஸ்பி லாக் எவ்வளவோ தேவல. என்னுது ஹாஸ்ப்ங்கிற வகை, அந்த ஹாஸ்ப் அலாடின், சேஃப்நெட், ஜெமால்டோன்னு கை மாறி 2019லேர்ந்து தாலஸ்கிட்ட இருக்கு, பேரும் சென்டினல்னு ஆயிட்டு, அதனால டிரைவர தாலஸ் சைட்லயே எடுங்க, கண்ட எடத்துலயும் எறக்காதீங்க. போட்டுட்டு பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 1947 அடிச்சா லாக் தெரியுதான்னு பாத்துக்கிடலாம். சுதந்திரம் கெடச்ச வருசம், நம்பர் மறக்காது.

ஆனா லாக் தெரிஞ்சா மட்டும் பத்தாது, எங்க சாப்ட்வேர் 16 பிட், 64 பிட் விண்டோஸ்ல அது எந்திரிக்கவே செய்யாது. விண்டோஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுற விர்ச்சுவல்பாக்ஸ்ல 32 பிட் எக்ஸ்பி போட்டு, அதோட யூஎஸ்பி பில்டர்ங்கிற செட்டிங்ல லாக்கச் சேத்து விட்டேன், உள்ள எக்ஸ்பி ஏறுனதும் லாக் தானா அங்க போயிரும், லாக்ல செவப்பு லைட் எரிஞ்சா வேலை ஆரம்பிக்கலாம். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போயி வந்தா மட்டும் சமயத்துல லாக் காணும்பான், உருவிச் சொருவணும். இன்னொண்ணு, பழைய லாக் டிரைவர் மெயின் விண்டோஸ்ல கெடந்தா மெமரி இன்டெக்ரிட்டிங்கிற பாதுகாப்பு செட்டிங் ஆன் ஆவாம மல்லுக்கு நிக்கும், அதத் தூக்கிட்டு புதுசு போட்டதும் சரியாயிட்டு.

இதுல பெரிய நிம்மதி என்னன்னா மொத்த எக்ஸ்பியும் ஒரே பைலு, ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வீட்ல வச்சிருக்கேன். லாக்க அப்படிக் காப்பி எடுக்க முடியாது, வித்த கம்பெனியும் இப்ப போன எடுக்கதில்ல. அதான் லாக்க நேரா சொருவாம குட்டி எக்ஸ்டென்ஷன் வயர்ல மாட்டி சிபியு பின்னால டேப் போட்டு ஒட்டிட்டேன், கூட்டும்போது வெளக்கமாறு பட்டு ஒடிஞ்சா கொடை சீசன் போச்சு. லாக்கே வேண்டாம் உடைச்சித் தாரேன்னு ஆள் வரத்தான் செய்யுதாங்க, அந்த உடைச்ச பைலோட என்ன வைரஸ் வரும்னு யாருக்குத் தெரியும், 2012லேர்ந்து காப்பிரைட் சட்டத்துலயும் அதுக்குப் பிரிவு இருக்கு.

புது நோட்டீசெல்லாம் யூனிகோட்லதான் அடிக்கேன். பழசையும் மாத்திரலாம்னா, கன்வர்ட்டர்ல எழுத்து வந்துருது, ஆனா நாலு காலமா அடுக்கி வச்ச வரிக்காரங்க பேரும் சுத்துக்கட்டு பார்டரும் கலைஞ்சு போவுது, அத மறுபடி அடுக்குத நேரத்துக்கு ரெண்டு புது நோட்டீசே முடிச்சிரலாம்.