குச்சியா, சுண்ணாம்பு நீரா, லிட்மஸ் தாளா?

சோதனைக் குழாயில் நிறமில்லாத ஏதோ ஒரு வாயு. அது எதுவென்று தெரியவேண்டும். பலரும் முதலில் நீட்டுவது எரியும் குச்சியைத்தான். வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 'பாப்' என்று வெடித்தால் ஹைட்ரஜன். (சத்தம் வருவது காற்றோடு கலந்திருப்பதால், சுத்தமான ஹைட்ரஜன் குழாயின் வாயில் அமைதியாகவே எரியும்.) சுடரை ஊதி அணைத்து, தணலோடு நீட்டும்போது குப்பென்று பற்றிக்கொண்டால் ஆக்சிஜன். சரி, எரியும் குச்சி அணைந்தே போனால்? உடனே 'கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதிவிடுவார்கள். நைட்ரஜனும் அப்படித்தான் அணைக்கும்!

இந்த இடத்தில் என் ஓட்டு சுண்ணாம்பு நீருக்கு. நைட்ரஜனை எவ்வளவு நேரம் குமிழியாக விட்டாலும் அது தெளிவாகவே நிற்கும். கார்பன் டை ஆக்சைடு என்றால் முதலில் லேசாகக் கலங்கும், அப்புறம் பால்போல வெளுக்கும். அந்த வெண்மை, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட். வாயுவை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தால் அது பைகார்பனேட்டாகிக் கரைந்து, நீர் பழையபடி தெளிந்துவிடும். குழாயைப் பொருத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனவர் திரும்பி வந்து 'மாற்றம் இல்லை' என்று எழுதுவது இதனால்தான். இன்னொரு சிக்கல், சல்ஃபர் டை ஆக்சைடும் இதே நீரைப் பாலாக்கும். அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளைக் காட்டினால் குட்டு வெளிப்படும்: ஆரஞ்சு பச்சையாகும். கார்பன் டை ஆக்சைடு அந்தத் தாளை ஒன்றும் செய்யாது.

அமிலம் பட்டால் சிவப்பாகவும் காரம் பட்டால் நீலமாகவும் மாறும் லிட்மஸ் தாள், குச்சிக்கு நேரெதிர். ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் மூன்றிலும் அது சும்மா இருக்கும். ஆனால் சிவப்புத் தாள் நீலமானால், பள்ளி ஆய்வகத்து வாயுக்களில் அது அம்மோனியா மட்டுமே. நீலத் தாள் சிவந்து அதோடு நின்றால் ஹைட்ரஜன் குளோரைடாக இருக்கலாம். சிவந்த கையோடு வெளுத்தும் போனால் குளோரின். தாளை நனைக்க மறந்தால் இவை எதுவும் தெரியாது. வாயு நீரில் கரைந்தால்தான் அமிலமோ காரமோ உருவாகும். மூக்கை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். குளோரின் நச்சு வாயு.