பாட்டு வேலைக்கு எந்த கம்ப்யூட்டர் கீபோர்டு, தனி நம்பர் பேடு தேவையா: நான் யூஸ் பண்ணிப் பார்த்தது

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இது கறுப்பு வெள்ளைக் கட்டை இருக்கிற மிடி கீபோர்டு ரிவ்யூ இல்ல, டைப் அடிக்கிற சாதாரண கம்ப்யூட்டர் கீபோர்டு பத்தி. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் மாசக்கணக்குல விசாரிச்சு நாலு பேர்கிட்ட கேட்டு வாங்குறோம், ஆனா நாள் முழுக்க கை படுற இந்த சாமானை மட்டும் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணும்போது கடைக்காரர் கூட வச்சுக் குடுத்ததை அப்படியே வச்சு ஓட்டிடுறோம். நான் சாலிகிராமத்துல ஒரு சின்ன ரூம்ல பக்திப் பாட்டு, விளம்பரம், ஷார்ட் ஃபிலிம்னு மியூசிக் புரோகிராமிங், அதாவது கம்ப்யூட்டர்ல இசை கோர்க்கிற வேலை பண்றேன், வீட்ல கியூபேஸ், வாய்ஸ் எடுக்க வெளிய போனா புரோ டூல்ஸ், ரெண்டும் பாட்டு ரெக்கார்டு பண்ணி எடிட் பண்ற சாஃப்ட்வேர். கடைசி நாலஞ்சு வருஷத்துல ஏழெட்டு கீபோர்டு, மூணு நம்பர் பேடு மாத்திட்டேன், அதுல தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன்.

விஷயம் இதான்: பாட்டு வேலைல நம்பர் பேடுங்கறது நம்பர் அடிக்க இல்ல, பழைய டேப் மெஷின்ல இருந்த ப்ளே ஸ்டாப் ரெக்கார்டு பட்டன் எல்லாம் இப்போ அங்கதான் இருக்கு. கியூபேஸ்ல எண்டர் தட்டினா ப்ளே, 0 ஸ்டாப், ஸ்டார் ரெக்கார்டு, ஸ்லாஷ் போட்டா லூப், புள்ளி தட்டினா பாட்டோட ஆரம்பத்துக்குப் போயிடும், பிளஸ் மைனஸ் முன்ன பின்ன ஓட்டுறதுக்கு. 1, 2 ரெண்டும் லெஃப்ட் ரைட் லொகேட்டருக்கு, அதாவது லூப் ஆகுற பகுதியோட ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் போக, கன்ட்ரோல் பிடிச்சிட்டு அதே 1, 2 தட்டினா லொகேட்டரை அந்த இடத்துல நட்டுடும். 3ல இருந்து 9 வரைக்கும் மார்க்கர், பாட்டுல நாம குறிச்சு வச்ச இடத்துக்குத் தாவ. இது எல்லாமே நாம எதுவும் செட் பண்ணாமலே வர்றது. இப்போ யோசிங்க, இடம் அடைக்குதேன்னு நம்பர் பேடு இல்லாத குட்டி கீபோர்டு ஒண்ணு வாங்கினா என்ன ஆகும்? நான் வாங்கினேன், பார்க்க அவ்ளோ அழகா இருந்துச்சு, ரெண்டு மாசம் ஒவ்வொரு தடவையும் மவுஸை எடுத்துட்டுப் போய் ஸ்க்ரீன்ல மேல இருக்கிற டைம் ரூலர்ல கிளிக் பண்ணிட்டு இருந்தேன். ஸ்பேஸ் பார் ப்ளே ஸ்டாப் ரெண்டும் பண்ணும்தான், ஆனா பாட்டுக்குள்ள இடம் தாவுறதுக்கு அது உதவாது.

எங்க இது வலிக்கும்னா வாய்ஸ் எடுக்கும்போது. என் ரூம்ல தனி பூத் கிடையாது, ஒரு ஓரமா கனமான திரை போட்டு அதுக்குப் பின்னாடி மைக். நான் மார்க்கர் போடும்போது பல்லவி எப்பவும் 3, முதல் பிஜிஎம் 4, முதல் சரணம் 5, அடுத்த பிஜிஎம் 6, ரெண்டாவது சரணம் 7, எந்தப் பாட்டா இருந்தாலும் இதான் நம்பர். ஒரு அம்மன் பாட்டுக்கு பாட வந்த தங்கச்சி, "அண்ணா, முதல் சரணத்துல ரெண்டாவது வரி சுருதி லேசா இறங்கிடுச்சு, இன்னொரு தடவை போயிடலாமா"ன்னு கேட்டா நான் திரும்பி ஸ்க்ரீனைக்கூடப் பார்க்க வேண்டாம், 5 தட்டி எண்டர், முதல் வரி ஓடும், ரெண்டாவது வரிக்கு முந்தின மூச்சுல ஸ்டார், வரி முடிஞ்சதும் திரும்ப ஸ்டார், ரெக்கார்டிங் மட்டும் நிக்கும் பாட்டு ஓடிட்டே இருக்கும். அவங்க மூடு கலையறதுக்குள்ள டேக் முடிஞ்சிடும். இதையே மவுஸ்ல பண்ணிப் பாருங்க, இடத்தைத் தேடி ஜூம் பண்ணி கிளிக் பண்றதுக்குள்ள பாடுறவங்க தண்ணி குடிக்கப் போயிடுவாங்க, திரும்ப வந்து நிக்கும்போது குரல் வேற மாதிரி இருக்கும், ஒட்டினா ஒட்டாது.

5ஆம் நம்பர் மேல ஒரு சின்ன மேடு இருக்கும் பாருங்க, நடுவிரல் அதுல உட்கார்ந்துட்டா மத்த எல்லாம் எங்கன்னு கைக்கே தெரியும். கடைல வாங்கும்போது கண்ணை மூடி அந்த மேடு தட்டுப்படுதான்னு தடவிப் பாருங்க, சில சீப் பேடுல அது இருக்கறதே தெரியாது.

சரி அப்போ முழு சைஸ் கீபோர்டு வாங்கிடலாமேன்னா, அதுலயும் ஒரு பிரச்சனை இருக்கு. முழு கீபோர்டு சுமார் 44 செ.மீ. நீளம், நம்பர் பேடு இல்லாதது 36 செ.மீ. கிட்ட. அந்த 8 செ.மீ.தான் மவுஸை வலது பக்கம் தள்ளி விடுது. எடிட்டிங் உட்கார்ந்தா நாள் முழுக்க வலது கை அகலமா நீட்டிட்டே இருக்கும், எனக்கு தோள்பட்டைல ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் ஒரு இழுப்பு வந்து பிசியோகிட்ட போக வேண்டியதாப் போச்சு, அவரு முதல் கேள்வியே மவுஸ் எங்க வைப்பீங்கன்னுதான் கேட்டாரு. நம்ம டேபிள்ல கீபோர்டுக்குக் கீழ டிராயர்ல மிடி கீபோர்டு வேற இருக்கும், அதுக்கு நேரா நடுவுல உட்காரணும், ஆனா முழு கீபோர்டு வச்சா டைப் அடிக்கிற பகுதி இடது பக்கம் ஒதுங்கிப் போயிடும்.

அதனால நான் இப்போ சொல்றது, நம்பர் பேடு இல்லாத சின்ன கீபோர்டு ஒண்ணு, தனி யூஎஸ்பி நம்பர் பேடு ஒண்ணு, பேடை இடது பக்கம் வைங்க. வலது கை மவுஸ்லயே இருக்கும், இடது கை பேடுல. ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் பழகிடும், பழகினதுக்கு அப்புறம் ஒண்ணு கவனிச்சேன், இடது கையை பேடு மேல வச்சா கட்டைவிரலுக்கு நேரா எண்டர் வந்து நிக்குது, அதாவது ப்ளே கட்டைவிரல்ல. வலது கைல இதே எண்டருக்கு சுண்டுவிரலை நீட்டணும். இந்த ஒண்ணுக்காகவே இடது பக்கம் வைக்கலாம்.

தனி பேடு வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் போனா கடைல முதல்ல கேக்குறது "டேலி போடுறீங்களா சார்"னுதான், அதான் கணக்கு எழுதுற சாஃப்ட்வேர். தப்பில்ல, அவங்களுக்கும் நமக்கும் இது ஒரே மாதிரி முக்கியம். ஆனா டேலிக்கு சரியா இருக்கிற பேடு நமக்கு சரியா வராது, மூணு விஷயம் பார்த்து வாங்குங்க. நான் முதல்ல வாங்கின பேடு, கம்பெனி பேர் வேண்டாம், ஒவ்வொரு தடவை நம்பர் தட்டும்போதும் நம்லாக்கை (பேடு நம்பர் அடிக்கணுமா, ஹோம் எண்ட் இன்சர்ட்னு வேலை பண்ணணுமான்னு மாத்துற கீ) ஆன் பண்ணி, நம்பரை அனுப்பி, திரும்ப ஆஃப் பண்ற ரகம். லேப்டாப்ல நம்பர் அடிச்சா எழுத்து மாறிடக் கூடாதுன்னு அப்படி செஞ்சிருக்காங்க. எக்ஸெல்ல அது தெரியவே தெரியாது. கியூபேஸ்ல வேகமா தட்டும்போது 0க்குப் பதிலா இன்சர்ட்னு போய் பாட்டு நிக்காம ஓடிட்டே இருக்கும், கிளையண்ட் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தா எவ்ளோ சங்கடம்னு சொல்ல வேண்டாம். கடைல செக் பண்றது ஈஸி, மெயின் கீபோர்டுல நம்லாக் லைட்டைப் பாருங்க, பேடுல நம்பர் தட்டும்போது லைட் மினுமினுன்னு சிமிட்டினா வாங்காதீங்க. ரெண்டாவது, 0 அகலமா ரெண்டு கீ அளவுக்கு இருக்கணும், அந்த இடத்துல 00 கீ தனியா வச்சிருந்தா ஒரு தட்டுக்கு ரெண்டு ஸ்டாப் போகும். மூணாவது, அடியில ரப்பர் நல்லா பிடிக்குதான்னு பார்க்கணும், எடையே இல்லாத பேடு தட்டத் தட்ட நகர்ந்துட்டே போகும்.

விண்டோஸ்காரங்களுக்கு இன்னொண்ணு. நம்லாக் ஆன்ல இருக்கும்போது ஷிஃப்ட் பிடிச்சிட்டு நம்பர் பேடு தட்டினா அது நம்பரா போகாது, 1 எண்ட் ஆயிடும், 7 ஹோம் ஆயிடும். கீபோர்டு கோளாறு இல்ல, விண்டோஸ் அப்படித்தான். அதனால சொந்தமா ஷார்ட்கட் வைக்கும்போது ஷிஃப்டை விட்டுட்டு கன்ட்ரோல், ஆல்ட் வச்சுக்குங்க. மேக்ல நம்லாக்கே கிடையாது, அந்த இடத்துல கிளியர்னு இருக்கும், இந்தத் தொல்லை இல்ல.

புரோ டூல்ஸ்ல உட்காருறவங்க ப்ரெஃபரன்சஸ்ல நியூமெரிக் கீபேட் டிரான்ஸ்போர்ட் மோடுல இருக்கான்னு முதல்ல பாருங்க. அப்போ 0 ப்ளே ஸ்டாப், 3 ரெக்கார்டு, 4 லூப், 7 தாளத்துக்கு அடிக்கிற கிளிக், புள்ளி நம்பர் புள்ளின்னு தட்டினா அந்த மெமரி லொகேஷனுக்கு, அதாவது குறிச்சு வச்ச இடத்துக்குப் போகும். கியூபேஸ்ல பழகின கை அங்க போனா 0 தட்டி ஸ்டாப் பண்ணப் போய் ப்ளே ஆகும், முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் நிதானமா இருக்கணும்.

அடுத்து சத்தம். ஒவ்வொரு கீக்கும் அடியில தனி ஸ்விட்ச் இருக்கிற மெக்கானிக்கல் கீபோர்டுல நீல ஸ்விட்ச் ஒவ்வொரு தட்டுக்கும் டிக் டிக்னு கிளிக் அடிக்கும், அது டைப் அடிக்கிறவங்களுக்கு சுகம். நம்ம ஊர்ல பில் கவுண்டர்லயும் டிடிபி கடைலயும் பார்த்த டிவிஎஸ் கோல்டு ஞாபகம் இருக்கும், அந்த வகைதான், முழு நம்பர் பேடோட வரும், உழைப்புக்கு அதை அடிச்சுக்க முடியாது, தனி எடிட்டிங் ரூம்ல மைக் இல்லாத இடத்துல தாராளமா வாங்கலாம். ஆனா என்னை மாதிரி ஒரே ரூம்ல சின்ன சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வச்சிருந்தா கிளிக் ஸ்விட்ச் எந்த கம்பெனியா இருந்தாலும் வேண்டாம். ஸ்டார் தட்டுற அந்த சத்தம் டேக்கோட தலைல போய் உட்காரும், அதுவும் பாடுறவங்க மூச்சு மேலயே விழும், எடுக்கவே முடியாது. செர்ரி எம்எக்ஸ்னு வர்ற ஸ்விட்ச்ல சிவப்புன்னா கிளிக் இல்ல, 4 மி.மீ. ஆழத்துல 2 மி.மீ. அமுக்கினாலே பதிஞ்சிடும், அடிவரைக்கும் இடிக்காமத் தட்டப் பழகிட்டா சத்தம் ரொம்பக் குறையும், அதுலயே சைலண்ட் ரெட்னு ஒண்ணு இருக்கு, எனக்கு பேடுக்கு அதுதான் செட் ஆச்சு.

வயர்லெஸ் வேண்டாம்னுதான் சொல்வேன், அட்லீஸ்ட் பேடு மட்டுமாவது வயரோட இருக்கட்டும். பேட்டரி மிச்சம் பண்ண வயர்லெஸ் கீபோர்டு சும்மா இருந்தா தூங்கிடும், எழுப்புறதுக்கு அடிக்கிற முதல் தட்டு சில சமயம் போய்ச் சேராது. பாடகர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசிட்டு சரி போலாம்னு ஸ்டார் தட்டினேன், ரெக்கார்டே ஆகலை, அந்த மாதிரி அவரு திரும்பப் பாடவே இல்ல, இன்னைக்கும் அந்த டேக்கை நினைச்சா மனசு ஆறலை. வயர்லெஸ்தான் வேணும்னா ரிசீவரை எஸ்எஸ்டி செருகின யூஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க, யூஎஸ்பி 3 கிளப்புற இரைச்சல் வயர்லெஸ் கீபோர்டு ஓடுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுதுன்னு இன்டெல்லே 2012ல எழுதி வச்சிருக்கு. சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வச்சாலே சரியாயிடும்.

கேமிங் கீபோர்டு டப்பா மேல போட்டிருக்கிற 8000 ஹெர்ட்ஸ் போலிங் (கம்ப்யூட்டர் செகண்டுக்கு எத்தனை தடவை கீயைப் பார்க்குதுங்கற கணக்கு) எல்லாம் நமக்குத் தேவையே இல்ல, அதுக்காக ஒரு ரூபா கூட அதிகம் குடுக்காதீங்க. அதுல மிச்சமாகிற நேரம் ரொம்பக் கொஞ்சம், சாஃப்ட்வேர் சத்தத்தைச் சேர்த்து வச்சு அனுப்புற ஆடியோ பஃபரை 48 கிலோஹெர்ட்ஸ்ல 256 வச்சிருந்தா அங்கயே 5 மில்லிசெகண்டுக்கு மேல போயிடுது. ஆனா என்-கீ ரோலோவர்னு போட்டிருந்தா அதைப் பாருங்க, எத்தனை கீ சேர்த்து அமுக்கினாலும் எல்லாம் பதியும்னு அர்த்தம். ஏபிள்டன்லயோ எஃப்எல் ஸ்டூடியோலயோ கம்ப்யூட்டர் கீபோர்டுலயே நோட்ஸ் வாசிச்சு ட்யூன் போடுறவங்க நிறைய பேர் இருக்கீங்க, சீப் கீபோர்டுல ரெண்டு கீக்கு மேல சேர்த்து அமுக்கினா சில கூட்டணில மூணாவது கீ பதியாது, கார்டு பிடிச்சா ஒரு சுரம் காணாமப் போகும், சாஃப்ட்வேர்ல தப்புன்னு நினைச்சுத் தேடிட்டு இருப்பீங்க.

மாடல் கேக்குறவங்களுக்கு: காசு கம்மின்னா லாஜிடெக் கே120, வயர், முழு சைஸ், ஆயிரத்துக்குள்ள, ஆரம்பிக்க இது தாராளம். ரெண்டு கம்ப்யூட்டர் வச்சு மாத்தி மாத்தி வேலை பண்றவங்களுக்கு எம்எக்ஸ் கீஸ், சத்தம் கம்மி, மூணு மெஷின் வரைக்கும் மாத்திக்கலாம், ஆனா வயர்லெஸ்ஸுக்கு சொன்னது அதுக்கும் சேர்த்துதான். 96 சதவீதம்னு நம்பர் பேடை உள்ளயே நெருக்கி வச்ச லேஅவுட் இருக்கு, கீக்ரான் கே4 அந்த வகை, இடம் மிச்சம், ஆனா 0 சின்னதா ஒத்தை கீயா இருக்கும், பார்க்காமத் தட்டுறவங்க அதை யோசிச்சுக்குங்க. பட்ஜெட் இருந்தா கீக்ரான் க்யூ0 மாதிரி விஐஏ (கீயோட வேலையை மாத்தி அமைக்கிற சாஃப்ட்வேர்) சப்போர்ட் இருக்கிற பேடு, அலுமினியம் பாடி, நகரவே நகராது, ஒவ்வொரு கீயையும் எஃப்13ல இருந்து எஃப்24 வரைக்கும் மாத்தி பேடுக்குள்ளயே சேவ் பண்ணிக்கலாம், சாதாரண கீபோர்டுல அந்த கீயெல்லாம் கிடையாதுங்கறதால எந்த ஷார்ட்கட்டோடயும் மோதாது. மேக்ல எஃப்20 வரைக்கும் வச்சுக்குங்க.

தனி பேடுல நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் இருக்கு, அதை மட்டும் சொல்லிடுறேன். நானே கிட்டார் வாசிச்சு நானே ரெக்கார்டு பண்ணும்போது முன்னெல்லாம் டேபிள்ல ஸ்டார் தட்டிட்டு ஓடிப் போய் மைக் முன்னாடி உட்காரணும், ரெக்கார்டு தொடங்குறதுக்கு முன்ன எண்ணுற கவுண்ட் இன் நாலு பார் வச்சாலும் மூச்சு வாங்கும். யூஎஸ்பி 2 வயர் 5 மீட்டர் வரைக்கும் தாங்கும், மூணு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வாங்கி பேடை மட்டும் நோட்ஸ் ஸ்டாண்டு மேல வச்சுட்டேன். ஸ்டார் கீ மேல வீட்ல இருந்த நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு, காஞ்சதும் லேசா மேடா நிக்குது, லைட்டை அணைச்சிட்டு வாசிச்சாலும் விரல் அதைக் கண்டுபிடிச்சிடும். உட்கார்ந்த இடத்துல இருந்தே 6 தட்டி ரெண்டாவது பிஜிஎம்முக்குப் போய் எத்தனை டேக் வேணும்னாலும் எடுக்கலாம். நேத்து நைட் பதினோரு டேக் எடுத்தேன், எட்டாவதுதான் ஓகே ஆச்சு.