பாட்காஸ்ட் வகுப்பில் சேருமுன் ஃபீட் யார் பெயரில் இருக்கும் என்று கேளுங்கள்

பொழுதுபோக்காக ஒரு பாட்காஸ்ட் தொடங்கலாம், அதற்கான டெக்னிக்கல் விஷயங்களை ஆன்லைன் வகுப்பில் கற்றுக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஃபீட் என்பது ஆப்கள் உங்கள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் முகவரி, என் கையை விட்டுப் போனது அதுதான். நான் சேர்ந்த வகுப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்ததை மட்டும் சொல்கிறேன், வேறு யார் இதையே செய்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

ரெக்கார்டிங், எடிட்டிங், வெளியீடு என எல்லாவற்றையும் அடிப்படையிலிருந்து சொல்லித் தருவதாக விளம்பரம். ஆனால் ஆரம்ப வகுப்புகள் முழுக்க எந்த மைக் வாங்க வேண்டும் என்பதிலேயே போயின. சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக், கூடவே அதற்கு 48 வோல்ட் கொடுத்து கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி, அதுவும் அவர்கள் தரும் லிங்க் வழியாகத்தான் வாங்க வேண்டும். வீட்டில் ஒரு சாதாரண அறையில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு கண்டென்சர் மைக் பெரும்பாலும் தொல்லைதான், ஃபேன் சத்தம், தெருவில் போகிற வண்டி, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி என எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடும். அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காத டைனமிக் வகை மைக்கை வாய்க்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள் வைத்துப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எதிரொலிக்குத் திரைச்சீலையும் மெத்தையும் உதவும் என்றோ, குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கும்படி லெவல் வைக்க வேண்டும், பூஜ்யம் என்ற உச்ச வரம்பைத் தொட்டு ஒருமுறை கிளிப் ஆன, அதாவது உச்சம் வெட்டுப்பட்ட குரலை முழுசாக மீட்க முடியாது என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசு செலவில்லாத விஷயங்கள் எதுவும் அங்கே பாடத்திலேயே இல்லை.

அப்புறம் எடிட்டிங். "எங்கள் ஸ்டுடியோ ரகசிய பிரீசெட்" என்று தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு ஃபைல் கொடுத்தார்கள், ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஓட்டினால் குரல் ரேடியோ மாதிரி வந்துவிடுமாம். அது ஆடாசிட்டியின் மேக்ரோ, அதாவது வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகள் எழுதிய வெறும் டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்தேன், உள்ளே இருந்தது சில வரிகள்தான்: குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ஒரு கம்ப்ரசர், மொத்தச் சத்தத்தை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவரும் ஒரு லவுட்னஸ் நார்மலைசேஷன். அந்த இரண்டாவதில் எண் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு), அதாவது இலவச ஆடாசிட்டியில் தானாக வருகிற அதே எண், ஐரோப்பிய டிவி, ரேடியோ ஒலிபரப்புக்கான அளவு. ஆப்பிள் பாட்காஸ்ட்டுக்குச் சொல்வது மைனஸ் 16. ஏழு டெசிபல் சத்தம் குறைவு! வால்யூமை முழுசாக வைத்தாலும் சரியாகக் கேட்கவில்லை என்று கேட்டவர்கள் சொன்னதற்குக் காரணம் அதுதான். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த ஃபைலில் அந்த ஒரு எண்ணைக்கூட அவர்கள் மாற்றியிருக்கவில்லை.

இதெல்லாம் கூடப் பணத்தோடு போய்விடும். பெரிய விஷயம் ஃபீட். பாட்காஸ்ட் என்பது ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற ஒரு முகவரிதான், ஆடியோ ஒரு ஹோஸ்டிங் கணக்கில், அதாவது ஆடியோவை இணையத்தில் வைத்திருக்கும் தளத்தின் கணக்கில் இருக்கும், ஆப்பிளும் மற்ற ஆப்களும் அந்த முகவரியைப் பார்த்துத்தான் புது எபிசோடை எடுத்துக்கொள்கின்றன. அந்த ஃபீட் யார் கணக்கில் இருக்கிறதோ, அதில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறதோ அவர்தான் நடைமுறையில் உரிமையாளர். வெளியீடு பற்றிய வகுப்பில் இதையெல்லாம் சொல்லித் தருவதற்குப் பதில், "நீங்கள் சிரமப்பட வேண்டாம், நாங்களே ஏற்றித் தருகிறோம்" என்று தங்கள் கணக்கில், தங்கள் மின்னஞ்சலில் என் நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள். குரல் என்னுடையது, தலைப்பு என்னுடையது, ஃபீட் அவர்களுடையது.

வகுப்பு முடிந்ததும் மாதா மாதம் "பராமரிப்புக் கட்டணம்" கட்டச் சொல்லி மெயில் வந்தது. வேண்டாம், நானே வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன், பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். ஹோஸ்டிங் கணக்கில் இது ஒரு சின்ன செட்டிங். அப்படிச் செய்து சில வாரம் விட்டுவைத்தால் சப்ஸ்கிரைப் செய்தவர்களின் ஆப் தானாகவே புது இடத்துக்கு வந்துவிடும், இல்லாவிட்டால் அத்தனை பேரும் பழைய ஃபீடிலேயே நின்றுவிடுவார்கள். முதலில் "டெக்னிக்கலாக முடியாது" என்றார்கள். முடியும் என்று அந்த ஹோஸ்டிங் தளத்தின் உதவிப் பக்கத்தையே அனுப்பியதும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கட்டவில்லை. எபிசோடுகளை இறக்கிக்கொண்டு என் மின்னஞ்சலில் புது ஃபீட் தொடங்கினேன், பழைய நேயர்களில் என்னை நேரடியாகத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வந்து சேர்ந்தார்கள். ஆர்வத்துக்காகப் பேசுகிற ஒருவருக்கு அந்த நேயர்களை விட்டால் வேறு என்ன சம்பாத்தியம் இருக்கிறது? கோபம் இன்னும் தீரவில்லை.

இப்போது இந்த மாதிரி வகுப்பில் இருக்கிறவர்கள் இன்றைக்கே ஹோஸ்டிங் கணக்கின் லாகின் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீட் முகவரியை பிரவுசரில் திறந்து ஐடியூன்ஸ் ஓனர் (itunes:owner) என்ற இடத்தில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்றும் பாருங்கள், சில தளங்களில் அது மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அப்போது கணக்கின் செட்டிங்கில் தேட வேண்டும். இரண்டும் உங்களுடையதாக இல்லையென்றால், வகுப்பு முடிவதற்கு முன்பே, எழுத்தில், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கடைசித் தவணை உங்களிடம் இருக்கும்வரைதான் அவர்கள் பதில் சொல்வார்கள்.