வாய் இல்லாத அடுப்பு: மூன்று வருஷம் கழித்து

போன சனிக்கிழமை அடுப்புக்கு விசிறி மாற்றினேன். அன்று சாயந்திரமே நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, உங்க கொல்லையில இருக்கே, அந்த விசிறி வெச்ச விறகடுப்பு, இப்போ ஆயிரம் ரூபாய் குறைச்சிருக்கான். வாங்கட்டுமா?"

வாங்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். அதற்குள் பால் பொங்கிவிட்டது, போனை வைத்துவிட்டேன். மிச்சம் இதுதான்.

அடுப்பு எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் உருளை, அடியில் சின்ன விசிறி, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. பவர் பேங்கில் ஓடும். எனக்கு இதன்மேல் இருக்கும் கோபம் ஒன்றே ஒன்று. இந்த அடுப்புக்கு வாய் கிடையாது.

விறகை மேலே இருந்துதான் போட வேண்டும். சட்டி எங்கே இருக்கிறது? அதுவும் மேலேதான். ஒரு தடவை நிரப்பினால் முக்கால் மணி நேரம் எரியும். சாம்பார், ரசம் என்றால் அதற்குள் முடிந்துவிடும், பிரச்சினை இல்லை. நாட்டுக்கோழி முக்கால் மணியில் வேகுமா? இந்தத் தை மாதம் விருந்தாளிகள் வந்த அன்று, குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது தீ இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் இரண்டு கரித்துணியை வைத்துச் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் விறகைப் போடுகிறேன். சிவந்த தணல்மேல் புது விறகு விழுந்ததும் குப்பென்று புகை. புகையில்லா அடுப்பு என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் எங்கள் இருவருக்கும் கண் தெரியவில்லை. குழம்பில் கால்வாசி கொல்லை மண்ணுக்குப் போனது.

எங்கள் அப்பத்தா வீட்டில் கொடி அடுப்பு இருந்தது. பெரிய அடுப்புக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று, நடுவில் மண்ணுக்குள்ளேயே ஒரு துளை. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும், அங்கிருந்து வரும் அனலிலேயே பக்கத்தில் பருப்பு மெதுவாக வேகும். அந்தப் பக்கத்துக்குத் தனியாக விறகே கிடையாது. தீயைக் குறைக்க வேண்டுமா, அப்பத்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே "விறகை வெளிய இழுத்து விடுடி" என்பார். ஒரு கட்டையை வெளியே இழுத்தால் தீ குறையும், உள்ளே தள்ளினால் ஏறும். நீளக் கட்டையை அப்படியே வைக்கலாம், நறுக்க வேண்டாம். என் அடுப்பில் திருகு இருக்கிறது. அதைக் குறைத்தால் தீயோடு சேர்ந்து காற்றும் குறைந்து புகைய ஆரம்பிக்கும். விறகையும் விரல் நீளத்துக்கு வெட்டிப் போட வேண்டும். வாரா வாரம் அரிவாளோடு ஒரு மணி நேரம் போகிறது. பக்கவாட்டில் வாய் வைத்த அடுப்பும் அப்போதே கடையில் இருந்தது. அன்றைக்கு எனக்கு இதுதான் அழகாகத் தெரிந்தது, யாரைக் குறை சொல்ல?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். நிரப்பிய முதல் அரை மணி நேரம் இது அடுப்பே இல்லை, வித்தை. மேலே இருந்து பற்ற வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதலில் தெரியவில்லை. முதல் நாள் வீட்டுக்காரர் வழக்கம்போல அடியில் தீ மூட்டித் தெருவையே புகைய வைத்தார். மேலே மூட்டினால் தீ மெதுவாகக் கீழே இறங்கும். கீழிருந்து வரும் காற்றில் விறகு வெந்து புகை விடும், அந்தப் புகை மேல் விளிம்பை எட்டும்போது அங்கே சுற்றிலும் இருக்கிற துளைகளிலிருந்து சூடான காற்று வந்து அதையும் எரித்துவிடும். பார்க்க கேஸ் பர்னர் மாதிரியே வளையமாக எரியும். சட்டியின் அடி அவ்வளவாகக் கரி பிடிக்காது. இருந்தாலும் நான் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துச் சட்டியின் வெளிப்பக்கம் பூசிவிட்டுத்தான் ஏற்றுவேன். கழுவும்போது கரி அதோடு வழித்துக்கொண்டு வந்துவிடும். பொங்கப் பானைக்கு எங்கள் வீட்டில் செய்கிற பழக்கம், இதற்கும் ஒத்து வருகிறது.

விறகு காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த அடுப்பைத் தொடுவதே இல்லை. சீமைக்கருவேலம்தான் இதற்கு ராஜா. நின்று எரியும், கெட்டியான தணலாக மாறும். சவுக்கும் பரவாயில்லை. கொட்டாங்குச்சியை நம்பி இறங்காதீர்கள், ஆளுயரத்துக்குத் தீ எழும்பும், பத்து நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போகும். பற்ற வைக்க இரண்டு ஓடு போதும்.

அப்புறம் விசிறி. மூன்று வருஷத்தில் இது இரண்டாவது. சாம்பல் மெல்ல உள்ளே இறங்கி அச்சில் போய் அடைகிறது. வாங்கிய இடத்தில் கேட்டால் அடுப்பை முழுசாகப் பெட்டி கட்டி அனுப்பச் சொன்னார்கள், போக்குவரத்துச் செலவு நம்முடையது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற தம்பியிடம் தூக்கிக்கொண்டு போனேன். கழற்றிப் பார்த்துச் சிரித்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓடுமே, அதே சின்ன விசிறிதானாம். 250 ரூபாயில் முடிந்தது. அடுப்புக்குள்ளிருந்து ஒரு கைப்பிடிச் சாம்பலும், காய்ந்து போன கறிவேப்பிலைக் கொத்து ஒன்றும் வந்தன. கறிவேப்பிலை எப்படி உள்ளே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விசிறியை அணைத்த பிறகு இந்த அடுப்பு வேறொன்றாகிவிடுகிறது. தீ அடங்கி, உருளைக்குள் அரை அடிக்குத் தணல் நிற்கும். இரட்டைச் சுவர் என்பதால் சூடு வெளியே போகாது, ஒரு மணி நேரமாவது கனன்றுகொண்டே இருக்கும். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு சீரகச் சம்பா பிரியாணி செய்யாமல் இருக்க முடியுமா? போன ஞாயிறு ஒரு கிலோ கறி, ஒரு கிலோ அரிசி. கறியைக் குக்கரில் வேக வைத்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அரிசி இருபது நிமிஷம் ஊறியது. கறித் தண்ணீரையும் சேர்த்து ஒன்றுக்கு ஒன்றரை என்பது வீட்டு அளவு, விறகடுப்பில் சீக்கிரம் வற்றுவதால் கால் டம்ளர் கூட. அரிசியும் தண்ணீரும் சமமாக வந்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்து, விசிறியை நிறுத்தி, மூடி போட்டு, இடுக்கியால் நாலைந்து தணலை எடுத்து மூடிமேல் வைத்தேன். இருபது நிமிஷம். கேஸில் தம் போட்டால் எனக்கு எப்போதும் அடியில் ஒரு விரற்கடை ஒட்டிக்கொள்ளும். இதில் கடைசிப் பருக்கைவரை பொலபொலவென்று உதிர்ந்து வந்தது.

பிரியாணியை இறக்கியதும் அதே தணலில் இரண்டு கத்தரிக்காய். மேலே நல்லெண்ணெய் தடவி உள்ளே போட்டுவிட்டால் போதும், சாப்பிட்டு எழுவதற்குள் தோல் கருகி, உள்ளே குழைந்திருக்கும். உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புளித் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ராத்திரி இட்லிக்குக் கொத்சு. அதற்கும் பிறகு சாம்பலுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்தேன், மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது. ஆறிப் போயிருந்தாலும் தேன் மாதிரி இருந்தது. கேஸ் அடுப்பு, இண்டக்ஷன், ஓவன் எல்லாம் உள்ளே இருக்கின்றன. இந்த வேலையை அவை செய்யாது.

எரியும்போது பிடிவாதம், அணைந்த பிறகு தங்கம். அணைந்த பிறகு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு அடுப்பை யாராவது சிபாரிசு செய்வார்களா? அதனால்தான் நாத்தனாரிடம் வாங்காதே என்றேன். இரண்டு பேர் உள்ள வீடு, மாடிக் குடித்தனம், விறகு நறுக்க ஆள் கிடையாது.

மறுநாள் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "அவ்வளவு தொல்லைன்னா உங்களோடதை எனக்குக் குடுத்துடுங்க அண்ணி, பாதி விலை தர்றேன்."

அது சரிவராது என்றேன். விசிறி மாற்றியபோதே இன்னொன்றும் சேர்த்து வாங்கி அரிசி டின்னுக்கு மேல் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தங்கச்சியிடம் உளறாமல் இருந்தால் சரி.